டிடெக்டர் ஆய்வு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், கதிர்வீச்சையும் துகள்களையும் பிடிக்கும் கருவிகளோடு பல வருடங்களாக மாரடித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்ப்பள்ளி அறிவியல் விழா, கல்யாண வீடு, பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு என்று எங்கே உட்கார்ந்தாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. பதில்களை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் சாப்பாடாவது ஆறாமல் இருக்கும்.

டாக்டர் என்கிறார்கள், ஆனால் மருந்து எழுதித் தருவதில்லை. அப்படி என்னதான் வேலை?

மூட்டுவலிக்கு என்னிடம் மருந்து இல்லை, மன்னிக்கவும். கதிர்வீச்சைக் கண்ணால் பார்க்க முடியாது, முகர முடியாது, தொட்டும் உணர முடியாது. ஆனால் அது ஒரு பொருளுக்குள் புகுந்து போனால் ஏதாவது தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகும். சில எலெக்ட்ரான்களை உதிர்க்கும், அல்லது துளி வெளிச்சத்தை எழுப்பும். அந்தத் தடயத்தைப் பிடித்து மின்துடிப்பாக மாற்றுகிற கருவிதான் டிடெக்டர். தமிழில் உணரி என்று எழுதலாம். ஆய்வகத்தில் நாங்கள் டிடெக்டர் என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

எனக்கு இரண்டு வேலை. புற்றுநோய் சிகிச்சையில் கொடுக்கும் கதிர்வீச்சைக் கண்ணாடி இழையால் அளப்பது ஒன்று. வானத்திலிருந்து வரும் மியூவான் என்ற நுண்துகள்களை மாணவர்களோடு சேர்ந்து எண்ணுவது இன்னொன்று. எண்ணுவது எளிது. எதை எண்ணினோம் என்று தெரிந்துகொள்வதில்தான் என் நாளில் முக்கால்வாசி போகிறது.

டிக் டிக் என்று சத்தம் போடுமே, அந்தக் கைகர் கவுண்டர்தானே?

அதுவும் ஒன்று. கைகர், மியுல்லர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1928இல் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாயு நிரப்பிய குழாய், நடுவே மெல்லிய கம்பி, சில நூறு வோல்ட் மின்னழுத்தம். உள்ளே புகும் கதிர் ஓர் எலெக்ட்ரானை உதிர்த்தால் போதும். அது கம்பியை நோக்கி ஓடும் வழியில் மோதி மோதிப் பெருகிவிடும். அந்தப் பெருக்கம்தான் டிக்.

ஆனால் அது வாசல் மணி மாதிரி. தபால்காரர் அழுத்தினாலும் மாமியார் அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். வந்தது யார், எவ்வளவு ஆற்றலோடு வந்தார் என்று சொல்லாது. ஒரு டிக்குக்குப் பிறகு ஏறக்குறைய 100 மைக்ரோவினாடி அது செவிடாகவும் இருக்கும். கதிர்வீச்சு மிகக் கடுமையான இடத்தில் சில பழைய கருவிகள் திணறிப்போய்க் குறைவாகக் காட்டும், பூஜ்யம்கூடக் காட்டும். அதனால்தான் மாணவர்களிடம் சொல்வேன்: முள் ஆடவில்லை என்றால் உடனே நிம்மதியடையாதே.

யார் வந்தார் என்று தெரிய வேண்டுமானால் ஒளிரும் பொருள் வேண்டும். 1909இல் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் துத்தநாக சல்ஃபைடு திரையில் தோன்றும் மினுக்குகளை இருட்டறையில் கண்ணாலேயே எண்ணினார்கள். கண் இருட்டுக்குப் பழகும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதும் அந்தச் சோதனையில் அடக்கம். 1948இல் ஹாஃப்ஸ்டாட்டர் தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகத்தைக் கொண்டுவந்தார். அதில் மினுக்கின் பிரகாசம், வந்த ஆற்றலுக்கு ஏற்பக் கூடும் குறையும். இதைவிட நுட்பம் வேண்டுமென்றால், திரவ நைட்ரஜனால் மைனஸ் 196 டிகிரி வரை குளிரவைத்த ஜெர்மேனியம். சீசியம்-137 வெளியிடும் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (இது ஆற்றலின் அலகு) கதிரைச் சோடியம் அயோடைடு, ஆற்றல் வரைபடத்தில் அதே அலகில் 45 அகலத்துக்குப் பரவிய மேடாகக் காட்டும். ஜெர்மேனியம் ஒன்றரைக்கும் குறைவான அகலத்தில் ஊசிபோலக் காட்டும். விலையும் அப்படித்தான், ஊசி மாதிரி குத்தும்.

மழை பெய்தால் கதிர்வீச்சு கூடுமாமே, உண்மையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஆமாம், கூடும்.

சில வருடங்களுக்கு முன் சோடியம் அயோடைடு டிடெக்டர் ஒன்றை ஜன்னலோரம் வைத்து இரவு பகலாக ஓடவிட்டிருந்தோம். சில நாட்களில் மாலை நாலு மணி வாக்கில் எண்ணிக்கை மெல்ல ஏறும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். கேபிள் லூசாக இருக்கும் என்று மாற்றினோம். மின்னழுத்தக் கருவியை மாற்றினோம். பக்கத்து அறையில் யாரோ எதையோ ஓட்டுகிறார்கள் என்று சண்டைக்கும் போனேன், பிறகு மன்னிப்பும் கேட்டேன். கடைசியில் ஒரு மாணவிதான் சொன்னாள்: "டாக்டர், என் குடை நனைஞ்ச நாள்ல மட்டும்தான் ஏறுது."

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடான் வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. ரேடானும் சிதைந்து ஈயம்-214, பிஸ்மத்-214 என்ற பிள்ளைகளைப் பெறுகிறது. அவை காற்றில் மிதக்கும் தூசியில் ஒட்டிக்கொள்ளும். நம்மூர் மாலை மழை அந்தத் தூசியைக் கழுவித் தரையில் கொட்டிவிடுகிறது. ஈயம்-214இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், 27 நிமிடம், பிஸ்மத்-214க்கு 20 நிமிடம். அதனால்தான் மழை விட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆற்றல் வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். 352, 609 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் இரண்டு மேடுகள், அந்த இரண்டு பிள்ளைகளின் கைரேகை.

இதனால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, அளவு அவ்வளவு சொற்பம். கைகர் கவுண்டர் மட்டும் இருந்திருந்தால் இன்னும் கேபிளைத்தான் மாற்றிக்கொண்டிருப்போம்.

நம்மூர் புழுக்கம் இந்தக் கருவிகளுக்கு ஒத்துக்கொள்ளுமா?

ஒத்துக்கொள்ளாது. சோடியம் அயோடைடு, உப்பு ஜாடியைத் திறந்து வைத்தது மாதிரி ஈரத்தை உறிஞ்சும். அதனால் அலுமினிய உறைக்குள் அடைத்து, காற்றுப் புகாமல் மூடியிருப்பார்கள். அந்த மூடி விட்டுக்கொடுத்தால் படிகம் மஞ்சளாகி, வெளிச்சத்தைத் தானே விழுங்க ஆரம்பிக்கும். அப்படி ஒன்றைப் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கிறேன். உயர் மின்னழுத்த இணைப்புகளில் ஈரம் படிந்தால் மின்சாரம் கசிந்து, கதிர் ஒன்றும் வராமலேயே துடிப்புகள் வரும்.

ஒரு தீபாவளி விடுமுறையில் கட்டட நிர்வாகம் சிக்கனத்துக்காக ஏர்கோனை நிறுத்திவிட்டது. நாங்கள் பயன்படுத்தும் சிலிக்கான் ஒளி உணரிகளுக்கு வெப்பம் ஏறினால் பெருக்கும் திறன் குறையும். துடிப்புகள் சிறுத்து, எண்ணுவதற்கு நாங்கள் வைத்திருந்த குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே போய்விட்டன. நாலு நாள் தரவைப் பார்த்தால் பகலில் மியூவான் குறைவதுபோலவும், இரவில் ஏறுவதுபோலவும் அழகான அலை. ஒரு மாணவர் அதைக் கட்டுரையாக எழுதவே ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் வெப்பமானியின் வரைபடத்தை வைத்ததும் கட்டுரை நின்றது. இப்போது எல்லாப் பெட்டியிலும் ஒரு வெப்பமானி உண்டு. மலிவான பொருள்தான், ஆனால் எங்களிடம் உள்ளதிலேயே பயனுள்ள கருவி.

கண்ணாடி இழையால் எப்படி அளக்கிறீர்கள்?

வீட்டுக்கு இணையம் கொண்டுவருகிற அதே வகை இழை. சிலிக்கா கண்ணாடி, நடுப்பகுதியில் கொஞ்சம் ஜெர்மேனியம் கலந்திருக்கும், மொத்தத் தடிமன் 125 மைக்ரான், தலைமுடி போல. ஜெர்மேனியம் கலந்த இடத்தில் கண்ணாடியின் ஒழுங்கு கெட்டுச் சின்னச் சின்னக் குழிகள் உண்டாகின்றன. கதிர்வீச்சு பட்டதும் கிளம்புகிற எலெக்ட்ரான்களில் சில அந்தக் குழிகளில் விழுந்து மாட்டிக்கொள்ளும், வெளியே வர வலுவில்லாமல் அங்கேயே கிடக்கும். ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து சூடாக்கினால் ஒவ்வொன்றாக வெளியேறி ஒளியைக் கக்கும். எவ்வளவு ஒளி வந்ததோ, அவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கிறது. பிறகு 400 டிகிரியில் சுட்டெடுத்தால் பழைய நினைவு அழிந்து, மறுபடி பயன்படுத்தலாம்.

பழைய செங்கல்லின் வயதைக் கணிப்பதும் இதே தத்துவம்தான். செங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் மணிகளின் நினைவைச் சூளையின் சூடு அழித்துவிடுகிறது. அன்றிலிருந்து மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சு மெதுவாகக் குழிகளை நிரப்பி வருகிறது. கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய், நம் கடாரம் என்று பெருமையோடு செங்கல் மேடையைப் பார்க்கும்போது, உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்கு இது எதற்கு? புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது பொதுவாக ஒரு நாளைக்கு 2 கிரே (உடம்பு உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு) வீதம் பல வாரம் கொடுப்பார்கள். கொடுத்த அளவு 5 விழுக்காட்டுக்கு மேல் பிசகக் கூடாது என்பது பழைய நியதி. கட்டியின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் அளவு சடாரென்று சரியும் இடங்களில் பெரிய டிடெக்டர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்துவிடும். மெல்லிய இழை அப்படி ஏமாறாது, தண்ணீருக்கும் பயப்படாது.

குறையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி நம் தசையைவிடக் கனமான அணுக்களால் ஆனது. ஆகவே சாதாரண எக்ஸ்ரே போன்ற குறைந்த ஆற்றல் கதிர்களில், உண்மையில் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும், திருத்தம் போட்டே தீர வேண்டும். நாளாக ஆகச் சில எலெக்ட்ரான்கள் தாமாகவே நழுவிவிடும், அதற்கும் கணக்கு வைக்க வேண்டும். நிஜமான வேலை எப்படி இருக்கும் என்றால், நூற்றுக்கணக்கில் சின்னத் துண்டுகளாக வெட்டி, நிறுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கதிர்வீச்சு கொடுத்து, மற்றவற்றோடு ஒத்துப்போகாதவற்றைத் தூக்கிப் போடுவது. அரிசியில் கல் பொறுக்குவது தெரிந்தவர்களுக்கு இந்த ஆய்வு நன்றாக வரும்.

பெரியம்மா ஒரு "எனர்ஜி" பதக்கம் போட்டிருக்கிறார். நெகட்டிவ் அயனி வருமாம். நல்லதா?

கழற்றச் சொல்லுங்கள். என் பெரியம்மாவிடமும் ஒன்று இருந்தது, தெரிந்தவர் விற்றது, கொஞ்சநஞ்ச விலை இல்லை. டிடெக்டர் பக்கத்தில் வைத்ததும் அது கத்த ஆரம்பித்துவிட்டது. இப்படிச் சில பொருட்களில் அயனி வருவதற்குக் காரணமே தோரியம், யுரேனியம் கலந்த தாதுத் தூள்தான். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 10 பொருட்களைப் பெயர் சொல்லி, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. ஒரு நாள் போட்டால் ஒன்றும் ஆகாது. தோலோடு ஒட்டி வருடக்கணக்கில் போட்டிருப்பதுதான் வீண் வம்பு. உடைக்காமல் ஒரு டப்பாவில் மூடி வைத்து, அணுசக்தித் துறையிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

பெரியம்மா என்னை நம்பவில்லை. டிடெக்டரை அவர் கையிலேயே கொடுத்து, பதக்கத்தை அருகே கொண்டுபோய் எடுத்து, கொண்டுபோய் எடுத்துக் காட்டியபிறகுதான் நம்பினார். பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலிலும் தோரியம்தான் இருந்தது என்று சொன்னதும், "அந்தக் காலத்துல பசார் மாலாம்ல எல்லாம் அதுதானே தொங்கும்" என்று அவர் என்னையே மடக்கினார். உண்மைதான், அன்றைய இரவுச் சந்தையில் அந்த வெளிச்சம்தான். விளக்கை யாரும் கழுத்தில் மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தோரியம் எங்கிருந்து வருகிறது?

மோனசைட் என்ற தாதுவிலிருந்து. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதும் அதுதான், பேராக்கில் வெள்ளீயம் கழுவியபிறகு மிஞ்சும் அமாங் மணலில் இருப்பதும் அதுதான். ஈப்போ அருகே புக்கிட் மேராவில் மோனசைட்டிலிருந்து அரிய மண் (ரேர் எர்த்) தனிமங்களைப் பிரித்த ஆலைக்கு எதிராக ஊர் மக்கள் 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992இல் உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்த உத்தரவிட்டது, மேல்முறையீட்டில் அது மாறியது, ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கதிர்வீச்சு என்றாலே நம் நாட்டில் மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பதை மூடநம்பிக்கை என்று சக ஆய்வாளர்கள் சிலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அளந்த எண்களைக் கண்ணில் காட்டாமல் "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

2018இல் கருவி ஒன்று தொலைந்ததே, இப்போதும் ஆபத்தா?

ஆகஸ்ட் 2018இல் சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்குப் போகும் வழியில் 23 கிலோ எடையுள்ள, கதிரியக்க இரிடியம்-192 வைத்த கருவி காணாமல் போனது. குழாய்களின் வெல்டிங்கை எக்ஸ்ரே போலப் படம் பிடிக்கப் பயன்படும் வகை. இரிடியம்-192இன் அரை ஆயுள் 74 நாள். இரண்டு வருடத்தில் ஏறக்குறைய பத்து முறை பாதியாகிவிடும், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். இன்று அந்தப் பயம் வேண்டாம். ஆனால் தெரியாத உலோக உருளை, மேலே மூன்று இதழ் கதிர்வீச்சுச் சின்னம், இப்படி எதைப் பழைய இரும்புக் கடையில் பார்த்தாலும் கையில் எடுக்காதீர்கள், திறக்காதீர்கள். தள்ளி நின்று போலீசுக்குப் போன் செய்யுங்கள்.

வாழைப்பழத்தில் கதிரியக்கம் இருக்கிறதாமே?

இருக்கிறது, பழத்துக்கு ஏறக்குறைய 15 பெக்கரல் (நொடிக்கு 15 அணுச் சிதைவு), பொட்டாசியம்-40ஆல். உங்கள் உடம்பிலேயே அதனால் 4,000 பெக்கரல் அளவுக்கு உண்டு. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கைப்பேசி ஆப் வைத்து அளக்கலாமா?

கேமராவைக் கறுப்பு டேப்பால் மூடினால் கடுமையான கதிர்வீச்சில் புள்ளிகள் தெரியும். சாதாரண அளவுகளில் அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

செர்ன் ஆய்வில் மலேசியா இருக்கிறதா?

இருக்கிறது. செர்ன் என்பது ஜெனீவா அருகே புரோட்டான்களை மோதவிடும் ஆய்வகம். அங்கே சிஎம்எஸ் என்ற டிடெக்டரின் கூட்டாய்வில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உறுப்பினர்கள். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகளை அறிவித்த இரண்டு டிடெக்டர்களில் ஒன்று சிஎம்எஸ். எடை 14,000 டன், உள்ளே ஏறக்குறைய 76,000 ஈய டங்ஸ்டேட் படிகங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், தூக்கினால் இரும்பைவிடக் கனம்.

எல்லோரும் அதன் அளவைக் கண்டு வியக்கிறார்கள். எனக்கு வியப்பு அதன் குப்பைத்தொட்டி. நொடிக்கு 4 கோடி முறை புரோட்டான் கூட்டங்கள் குறுக்கிடுகின்றன, அத்தனையையும் சேமிக்க உலகில் இடம் கிடையாது. சில மைக்ரோவினாடிக்குள் மின்னணுச் சுற்றுகள் பார்த்து, ஒரு லட்சத்தை மட்டும் உள்ளே விடும். அப்புறம் கணினிகள் அதையும் சல்லடை போட்டு ஆயிரம் அளவுக்குக் குறைக்கும். தூக்கி எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. எதை எறியலாம் என்று முடிவு செய்யும் குழுவில் வேலை பார்ப்பவர்களுக்குத் தூக்கம் எப்படி வருகிறதோ!

மியூவான் என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது?

இப்போது உங்கள் உள்ளங்கையை நீட்டுங்கள். நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் துளைத்துக்கொண்டு போகிறது. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் துகள், ஆயுள் 2.2 மைக்ரோவினாடி. நம் வட்டாரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே வருகிறது. பூமியின் காந்தப்புலம் விண்கதிர்களைத் தடுக்கும் வலிமை தென்கிழக்காசியாவில்தான் உச்சத்தில் இருக்கிறது.

தமிழர்களுக்கும் இதில் பழைய உறவு உண்டு. கோலார் தங்கவயலில், ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் உழைத்த அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில், 1965இல் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற, எதிலும் எளிதில் சிக்காத துகளைப் பிடித்தார்கள். அவ்வளவு ஆழத்துக்குப் போனதற்குக் காரணம், மேலே மியூவான்களின் தொல்லை. ஊட்டியில் உள்ள மியூவான் தொலைநோக்கி இன்னொரு கதை. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்து, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். இங்கே எங்களுக்கு இடி இல்லாத வாரமே அபூர்வம், ஆனால் அவ்வளவு பெரிய டிடெக்டர் இல்லை.

எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. மியூவான் எண்ணும் எங்கள் டிடெக்டர் தட்டைப் பத்துமலைக் குகைக்குள் ஒருநாள் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே பாறை தடித்த இடத்தில் எண்ணிக்கை குறையும், கூரை திறந்து வானம் தெரியும் இடத்தில் ஏறும். சுண்ணாம்புக் கல்லில் யுரேனியமும் தோரியமும் கிரானைட்டைவிடக் குறைவு என்பதால் பாறையிலிருந்து வரும் இடைஞ்சலும் குறைவு. 272 படியும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஏற ஆள் வேண்டும், காவடி எடுத்துப் பழகியவர்கள் தொடர்பு கொள்ளலாம்.

இந்த வேலையால் உடம்பு கெடாதா? மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது.

பெற்றோர் கேட்பது நியாயம். நம் சட்டப்படி கதிர்வீச்சுப் பணியாளருக்கு வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் கதிர்வீச்சின் பாதிப்பை அளக்கும் அலகு) உச்சவரம்பு. இயற்கையாகவே உலகச் சராசரி மனிதருக்குக் கிடைப்பது 2.4. எங்கள் மாணவர்கள் சட்டையில் அளவி குத்திக்கொண்டுதான் உள்ளே வருவார்கள், அதன் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. உண்மையில் எங்கள் ஆய்வகத்தில் அதிகம் காயம் ஏற்படுத்துவது சால்டரிங் கம்பியும் இழை வெட்டும் கத்தியும்தான்.

இதைப் படிக்க என்ன வேண்டும்?

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்மில் இயற்பியலும் கூடுதல் கணிதமும். பிறகு பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு, எஸ்.டி.பி.எம்மோ மெட்ரிகுலேஷனோ, எதுவானாலும் சரி. வீட்டில் ரேடியோவைக் கழற்றித் திரும்ப மாட்டத் தெரியாமல் திட்டு வாங்கியிருந்தால் இன்னும் நல்லது.

வீட்டிலேயே ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

துகள் போன பாதையை மேகக் கோடாகக் காட்டும் மேகக்கூடு செய்யலாம், வில்சனின் 1911ஆம் ஆண்டுக் கருவியின் எளிய தம்பி. தெளிவான பிளாஸ்டிக் டப்பா, அடியில் கறுப்பு உலோகத் தட்டு, மேல்பகுதியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நன்றாக நனைத்த ஃபெல்ட் துணி. டப்பாவை இறுக மூடி, தட்டை உலர்பனி (டிரை ஐஸ்) மேல் வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். பத்து நிமிடம் பொறுமை வேண்டும். பிறகு தட்டுக்கு மேலே வெள்ளை நூல் இழுத்ததுபோலக் கோடுகள் தோன்றி மறையும். நேராக நீண்டு போவது பெரும்பாலும் மியூவான், குட்டையாகத் தடித்தது ரேடானிலிருந்து வரும் ஆல்ஃபா, குடித்தவன் நடை மாதிரி வளைந்து நெளிவது எலெக்ட்ரான்.

உலர்பனி மைனஸ் 78 டிகிரி, வெறுங்கையால் தொடாதீர்கள். அதிலிருந்து வரும் வாயு மூச்சு முட்ட வைக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஏர்கோன் போட்டு அறையை அடைக்காதீர்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கும், பக்கத்தில் சாமி விளக்கு எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.